எல்லாரையும் கூப்பிடுற ஆள்

சினிமாக் கம்பெனியில் வேலை என்று சொன்னால் போதும், யாரையெல்லாம் நேரில் பார்த்திருக்கீங்க என்றுதான் ஜனங்கள் அடுத்துக் கேட்பார்கள். இருபத்தாறு வருஷமாகச் சீட்டு சார் அதற்கு ஒரே பதிலைத்தான் வைத்திருக்கிறார். "சுவரைப் பார்த்திருக்கேன்."

பொய்யில்லை. கம்பெனியின் மூன்றாவது மாடியில், கழிப்பறைக்குப் பக்கத்து அறை அவருடையது. வாசலில் 'கதை இலாகா' என்று ஒரு பலகை தொங்குகிறது. இலாகா என்றால் அவர் ஒருத்தர்தான். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது, இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை ஒரே சுவர். எடுத்து முடித்த படம் ஏதாவது இழுக்கிறது, ஒட்டவில்லை, எங்கேயோ உதைக்கிறது என்றால் அதைத் தூக்கிக்கொண்டு அவரிடம் வருவார்கள். அவர் படத்தைக் காட்சி காட்சியாகப் பிரித்து, காட்சிக்கு ஒரு துண்டுச் சீட்டு எழுதி, அந்தச் சுவரில் ஒட்டுவார். ஆளுக்கு ஒரு கலர். அதனால்தான் அந்தப் பெயர். புதிதாகச் சேர்ந்தவர்கள் அவர் ஏதோ சீட்டாடுகிறவர் என்று நினைத்துக்கொண்டு, மத்தியானச் சாப்பாட்டு வேளையில் கை குறைகிறது வாருங்கள் என்று கூப்பிட்டதும் உண்டு.

ஒவ்வொரு சீட்டிலும் மூன்று வரி. யார், அவருக்கு என்ன வேண்டும், காட்சி முடியும்போது என்ன மாறியது. மூன்றாவது வரிக்கு எழுத ஒன்றும் சிக்கவில்லை என்றால் அது செத்த காட்சி. அதில் எத்தனை ஹெலிகாப்டர் பறந்தது, யார் மழையில் மூன்று நாள் நனைந்தார்கள் என்பதெல்லாம் அவரிடம் எடுபடாது. வெட்டு ஒன்று துண்டு இரண்டுதான்.

ஆனால் இதெல்லாம் அடுத்தவர் கதையில். சொந்த வீட்டு விஷயத்தில் மனிதர் பதினாலு மாதமாகக் கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

வீட்டில் அவரும் அவருடைய தங்கையும்தான். ஐந்து பிள்ளைகளில் அவள் கடைசி. பிறந்தபோது உள்ளங்கை அளவுதான் இருந்தாளாம், அதனால் பொடிசு. முப்பத்தெட்டு வயதிலும் பொடிசுதான். கல்யாணம் ஒட்டாமல் திரும்பி வந்தவள் ஒன்பது வருஷமாக அண்ணனோடு இருக்கிறாள். அவர் கல்யாணம் செய்துகொள்ளவே இல்லை. பொடிசு ஒரு வக்கீல் ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருந்தாள். பதினாலு மாதத்துக்கு முன்னால், கால் வீங்குகிறது என்று டாக்டரிடம் போனவளுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது என்று சொல்லி அனுப்பினார்கள். அன்றிலிருந்து திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் டயாலிசிஸ். காலை ஏழரைக்கு ஆஸ்பத்திரி வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும். மத்தியானம் இரண்டு மணிக்குக் கொண்டுவந்து விடும். ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் தண்ணீர்தான் குடிக்கலாம். காலையில் பாட்டிலில் அளந்து வைத்துக்கொண்டு, சாயங்காலம் வரை அதை மூடியில் ஊற்றி ஊற்றிக் குடிப்பாள். அவள் எதிரில் டம்ளரில் தண்ணீர் குடிக்க அவருக்கு மனசு வராது. சமையலறைக்குப் போய்த் திரும்பி நின்று குடித்துவிட்டு வருவார்.

போன மாதம் டாக்டர் அவரைத் தனியாகக் கூப்பிட்டார். "கையில இருந்த நரம்பு ரெண்டும் அடைச்சுப்போச்சு. இப்போ கழுத்துல போட்ட குழாயிலதான் ஓடுது. அது எத்தனை நாளைக்குன்னு என்னால சொல்ல முடியாது. வரிசையில காத்திருக்கிற கிட்னி அவங்களுக்கு நேரத்துக்கு வராதுங்க. கூடப்பிறந்தவங்க எத்தனை பேர்?"

"நாலு பேர், டாக்டர்."

"முதல்ல எல்லாரையும் ரத்தம் குடுக்கச் சொல்லுங்க. ஒருத்தருக்காவது பொருந்தும். மத்ததை அப்புறம் பார்ப்போம்."

"கூப்பிடறேன் டாக்டர்," என்றார் சீட்டு சார்.

கூப்பிடுவதில் அவரை யாரும் குறை சொல்ல முடியாது, நோய் தெரிந்த நாளிலிருந்தே கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார். அன்றும் உட்கார்ந்தார். பெரியண்ணனுக்குப் போன் செய்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், ஐந்து மணி நேரப் பயணத் தூரத்தில் இருக்கிறார். "அவ வர்ற இடத்துக்கு நான் வரமாட்டேன், முதல்ல அவளைக் குடுக்கச் சொல்லு," என்றார். அவ என்றால் அக்கா. அக்காவுக்குப் போன் செய்தார். ஒரு பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியை. "பெரிய மனுஷர் என்ன சொன்னார்? அவர் வரட்டும், நான் பின்னாடியே வர்றேன்," என்றார். தம்பிக்குப் போன் செய்தார். நீச்சல் குளத்தில் பயிற்சி கொடுக்கிறவன். "அண்ணா, நீச்சல் போட்டி சீசன் முடியட்டும். அவங்க ரெண்டு பேரும் என்ன முடிவு பண்ணியிருக்காங்க?" என்றான். அந்த ரெண்டு பேரும் ஏழு வருஷமாக முடிவு பண்ணியிருந்தது ஒன்றுதான், ஒருத்தர் முகத்தில் ஒருத்தர் விழிப்பதில்லை. அப்பாவின் கடைசி வாரத்தில், போதும் வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று பெரியண்ணன் யாரையும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார். "நீதான் கொன்னே," என்று அக்கா ஆஸ்பத்திரி வராந்தாவில் நாலு பேர் எதிரில் சொன்னார். அதோடு பேச்சு வார்த்தை நின்றது. யார் பக்கம் பேசினாலும் வம்பு என்று தம்பி இரண்டு பேர் போனையும் எடுப்பதை விட்டான்.

பதினாலு மாதத்தில் சீட்டு சார் இந்த மூன்று பேருக்கும் நூறு போனாவது செய்திருப்பார். யாரும் வரமாட்டேன் என்று முகத்தில் அடித்துச் சொல்லவில்லை. அதுதான் கொடுமை. வரமாட்டேன் என்று சொன்னவனிடமாவது சண்டை போடலாம், வர்றேன் வர்றேன் என்கிறவனை என்ன செய்வது?

இந்த நிலைமையில்தான் கம்பெனி அவர் தலையில் அந்த ஐந்து ஹீரோ படத்தைக் கொண்டுவந்து போட்டது.

படத்தில் ஐந்து பேர், ஐந்து பேருக்கும் ஆளுக்கு ஒரு சக்தி. பஸ்ஸைத் தூக்குகிறவன் ஒருத்தன். ஒன்பது நொடிக்கு நேரத்தை நிறுத்துகிறவன் ஒருத்தன். தீயில் வேகாதவள் ஒருத்தி. தண்ணீரை உறைய வைக்கிற ஒரு வாத்தியார். எல்லாரிலும் சின்னவள், எத்தனை சுவருக்கு அப்பால் பேசினாலும் கேட்கிற பெண். ஐந்து பேரையும் ஒன்றுசேர்க்கப் பாடுபடுகிற ஓய்வுபெற்ற அதிகாரி ஒருத்தரும் உண்டு. அவருக்குச் சக்தி எதுவும் கிடையாது. ஒரு பழைய போனும் ஒரு முகவரி நோட்டும்தான். வெளியாக ஐந்து வாரம் இருக்க, அறுபத்திரண்டு பேரைக் கூப்பிட்டுப் போட்டுக்காட்டியிருந்தார்கள். நாற்பத்தெட்டாவது நிமிஷத்திலிருந்து ஜனங்கள் ஒவ்வொருத்தராகக் கழிப்பறைக்குக் கிளம்பிவிட்டார்களாம். அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் வருமா?

டைரக்டர் முகத்தில் ஈயாடவில்லை. முப்பத்து நாலு வயது, கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடந்தது. "சார், அஞ்சு பேர் இருக்காங்க. கிளைமாக்ஸ்ல பாதி ஊரே இடியுது. இதுக்கு மேல என்ன சார் வேணும் இவங்களுக்கு?"

"இந்த அஞ்சு பேரும் ஏன் தம்பி வர்றாங்க?"

"அதிகாரி போன் பண்ணிக் கூப்பிடறாரே சார்."

"கூப்பிட்டா வந்துடுவாங்களா?"

வேறு யாராவது இப்படிக் கேட்டிருந்தால் டைரக்டர் சண்டை பிடித்திருப்பார். ஆனால் கேட்டவர் குரலில் இருந்தது கிண்டல் இல்லை. பதில் தெரிந்தால் சொல்லப்பா என்கிற கெஞ்சல்தான் இருந்தது.

நாலு நாள் பிரித்தார். நூற்றுப் பன்னிரண்டு சீட்டு, ஐந்து கலர். தன் தொழிலில் அவருக்கு ஒரு கொள்கை உண்டு. ஒற்றை ஹீரோ படத்தில் ஜனங்கள் மனசில் ஓடும் கேள்வி, இவன் ஜெயிப்பானா என்பது. கூட்டு ஹீரோ படத்தில் அந்தக் கேள்விக்கு வேலையே இல்லை, ஐந்து பேர் சேர்ந்தால் ஜெயிக்காமல் என்ன? அங்கே கேள்வி, இவர்கள் சேர்வார்களா என்பதுதான். வில்லன் சும்மா கடிகாரம் மாதிரி, நேரமாகிறது என்று சொல்லிக்கொண்டிருப்பான், அவ்வளவுதான். ஆகவே முதலில் ஒவ்வொருத்தரும் எங்கே அடிபட்டிருக்கிறார் என்று தெரிய வேண்டும். பிறகு ஆளாளுக்குத் தன் தன் காரணத்துக்காக வந்து கூட வேண்டும். காரணம் வேறு வேறு என்பதால் அடித்துக்கொண்டு பிரிய வேண்டும். பிரிந்தவர்கள் மறுபடி வருவதுதான் படம். அந்த இரண்டாம் வருகை யாரும் கூப்பிடாமல் நடக்க வேண்டும்.

இந்தப் படத்தில் எழுபத்திரண்டாவது நிமிஷத்தில் அதிகாரி ஒரு பிரசங்கம் பண்ணுகிறார். ஐந்து பேரும் கண் கலங்கி ஒன்றுசேர்ந்துவிடுகிறார்கள். தொண்ணூற்றெட்டாவது நிமிஷத்தில் சின்னப்பெண் சாகிறாள். அந்தச் சாவுச் சீட்டின் மூன்றாவது வரியில் பேனாவை வைத்துக்கொண்டு சீட்டு சார் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார். என்ன மாறியது? ஒன்றும் மாறவில்லை. பேச்சைக் கேட்டே சேர்ந்துவிட்டவர்களுக்குச் சாவு எதற்கு? அந்தப் பெண் சும்மா செத்துப்போயிருந்தாள்.

எழுந்து போய்ப் பிரசங்கச் சீட்டைக் கிழித்து எடுத்தார். சாவுச் சீட்டை உரித்து, அறுபத்தோராவது நிமிஷத்தில், எல்லாரும் பிரிந்து ஆளுக்கொரு திசையில் போய்விட்ட இடத்தில் ஒட்டினார். பின்னால் வந்த ஏழு சீட்டுகள் தானாக நகர்ந்து உட்கார்ந்தன.

அதிகாரிக்கு மட்டும் அவர் கலர் கொடுக்கவில்லை. அவர் வருகிற இடங்களில் பென்சிலால் ஒரு சின்னக் குறி, அவ்வளவுதான். அவருக்கென்று கதை கிடையாது, வேலை மட்டும்தான் என்பது சீட்டு சாரின் கட்சி. பார்த்தவர்கள் எழுதிக்கொடுத்த அட்டைகளைப் புரட்டும்போது ஒருத்தர் கோணல் எழுத்தில் எழுதியிருந்தார்: 'எல்லாரையும் கூப்பிடுற ஆளு, அவரு என்ன செஞ்சாரு?' சீட்டு சாருக்குச் சிரிப்பு வந்தது. படம் பார்க்கத் தெரியாத ஆசாமி என்று சொல்லி, அந்த அட்டையை மேஜை டிராயருக்குள் போட்டார்.

எடிட்டர் இரண்டு நாளில் மாற்றி வெட்டினார். செவ்வாய்க்கிழமை மத்தியானம் கம்பெனியின் சின்னத் தியேட்டரில் போட்டுப் பார்த்தார்கள். சின்னப்பெண் செத்த செய்தி கேட்டு, பஸ்ஸைத் தூக்குகிறவன் ஒரு திசையிலிருந்து நடந்து வருகிறான். தீயில் வேகாதவள் இன்னொரு திசையிலிருந்து வருகிறாள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. ஒருத்தரை ஒருத்தர் பார்க்கிறார்கள், சண்டையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, பக்கத்தில் வந்து நிற்கிறார்கள். விளக்குப் போட்டபோது எடிட்டர் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். அதே காட்சியை நாற்பது தடவை பார்த்தவர். டைரக்டர் சீட்டு சாரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "சார், ஒரு சீட்டை நகர்த்தினீங்க, அவ்வளவுதானே சார்," என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

ஒரு சீட்டை நகர்த்தினார், அவ்வளவுதான். பஸ்ஸில் வீடு திரும்பும்போது இந்த வாக்கியம் சீட்டு சாரின் தலையைத் தின்ன ஆரம்பித்தது.

வீட்டிலும் ஒரு சுவர் இருந்தது. தொழில் புத்தி எங்கே போகும்? கிட்னி போய்விட்டது என்று டாக்டர் சொன்ன அன்றைக்கே அலமாரிக்குப் பின்னால், பொடிசு கண்ணில் படாத இடத்தில் ஒட்ட ஆரம்பித்திருந்தார். பெரியண்ணன் நீலம், அக்கா பச்சை, தம்பி மஞ்சள், பொடிசு சிவப்பு. யாருக்கு எங்கே வலி, யார் எதற்காக வரக்கூடும், யாரிடம் எதைச் சொல்லக் கூடாது என்று பதினாலு மாதத்துப் போன் பேச்சு அத்தனையும் அதில் இருந்தது. அன்று சாயங்காலம் அதன் எதிரில் நின்றார். கடைசியில், வலது ஓரத்தில், சிவப்பில் ஒரு சீட்டு. என்றோ ஒரு நாள் மனசு வெறுத்துப்போய் எழுதி ஒட்டியது. யார்: பொடிசு. என்ன வேண்டும்: ஒன்றும் வேண்டாம். என்ன மாறியது: எல்லாரும் வந்துவிட்டார்கள்.

வருவார்கள். அதில் சந்தேகமே இல்லை. அவள் செத்தால் மூன்று பேரும் அடித்துப் புரண்டுகொண்டு வருவார்கள், பெரியண்ணனும் அக்காவும் கட்டிக்கொண்டு அழுவார்கள், தம்பி எல்லாப் போனையும் எடுப்பான். தொண்ணூற்றெட்டாவது நிமிஷத்தில். யாருக்கு என்ன பிரயோஜனம்?

அடுத்த அறையில் பொடிசு கடைசி மூடித் தண்ணீரை ஊற்றுகிற சத்தம் கேட்டது. அவர் அந்தச் சிவப்புச் சீட்டை உரித்துக் கையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் புதன்கிழமை. ஏழரைக்கு வேன் வந்தது, பொடிசு போனாள். எட்டு மணிக்குச் சீட்டு சார் கம்பெனியில் ஒலிப்பதிவு அறையின் கண்ணாடிக் கூண்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெளிச் சத்தம் உள்ளே வராத இடம். உள்சத்தமும் வெளியே போகாது. பெரியண்ணன் நம்பரை இரண்டு தடவை தப்பாக அழுத்தினார்.

"அண்ணா. பொடிசு போயிட்டா."

அந்தப் பக்கம் கிரேன் மணி அடித்து ஓய்ந்தது. "எப்போ?" என்றார் பெரியண்ணன்.

"ஏழரைக்கு."

அக்கா, "ஐயோ என் குழந்தை," என்று ஒரு தரம் சொன்னார். தலைமை ஆசிரியை குரல் அது இல்லை. தம்பியிடம் சொன்னபோது ஏதோ கீழே விழுகிற சத்தம் கேட்டது. பிறகு, "கிளம்பிட்டேண்ணா," என்றான்.

போனை வைத்துவிட்டு அவர் கூண்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். தான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்று தனக்குத்தானே வாதாடிக்கொண்டிருந்தார். போயிட்டா என்றுதானே சொன்னேன். ஏழரைக்குத்தானே போனாள். எங்கே என்று யாராவது ஒருத்தர் கேட்டிருந்தால் ஆஸ்பத்திரிக்கு என்று சொல்லியிருப்பேனே. மூன்று பேரில் ஒருத்தரும் கேட்கவில்லை. பதினாலு மாதமாக அவர்கள் காத்திருந்த செய்தி அது, வந்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது.

தம்பி பத்தரைக்கு வீட்டுக்கு வந்தான், தலை ஈரம்கூடக் காயவில்லை. பன்னிரண்டுக்கு அக்கா. "எங்கடா அவ?" என்றார். "ஆஸ்பத்திரியிலேர்ந்து இன்னும் வரலை அக்கா. வேன்ல கொண்டுவர்றாங்க, ரெண்டு மணி ஆகும்." அதுவும் பொய்யில்லை. ஒரு மணிக்குப் பெரியண்ணன் வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். வேலைச் சட்டையைக்கூட மாற்றவில்லை. உள்ளே நாற்காலியில் இருந்த அக்கா நிமிர்ந்து பார்த்தார். ஏழு வருஷம். பெரியண்ணன் நேராக வந்து அக்கா காலடியில் தரையில் உட்கார்ந்து, அவர் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். "நான் வந்திருக்கணும்," என்றார். "நானும்தான் அண்ணா," என்றார் அக்கா. தம்பி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். மூன்று பேரும் ஒரே அறையில், ஒருத்தர் பக்கத்தில் ஒருத்தர். அறுபத்தோராவது நிமிஷம். சீட்டு சாருக்கு ஒரு கணம், வெட்கத்தோடு சொல்ல வேண்டும், சந்தோஷமாகவே இருந்தது.

இரண்டு மணிக்குக் கீழே வேன் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. எல்லாரும் எழுந்து நின்றார்கள். படியில் காலடிச் சத்தம் கேட்டது. ஒரு ஜோடிக் கால்தான். நாலு படி, நிறுத்தம், மூச்சு, நாலு படி. பெரியண்ணன் குழப்பத்தோடு சீட்டு சாரைப் பார்த்தார். சாவி திரும்பியது.

"என்ன வாசல்ல இவ்வளவு செருப்பு?" என்றபடி பொடிசு உள்ளே வந்தாள். கழுத்தில் கட்டு. முகம் டயாலிசிஸ் நாளில் இருக்கிற மாதிரி வெளுத்துக் கிடந்தது. மூன்று பேரையும் பார்த்தாள். அவர்கள் கண்ணைப் பார்த்தாள். ஒரு துக்க வீட்டில் எல்லாம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது, அவள் ஒருத்திதான் அங்கே பொருந்தவில்லை.

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டார். "டேய்," என்றார் பெரியண்ணன் சீட்டு சாரிடம், மெதுவாக. "போயிட்டான்னு சொன்னியேடா."

"ஆஸ்பத்திரிக்குப் போயிட்டான்னு..." என்று மென்று முழுங்கினார் சீட்டு சார்.

முதலில் சிரித்தது பொடிசுதான். கதவில் சாய்ந்துகொண்டு, கழுத்துக் கட்டைக் கையால் பிடித்துக்கொண்டு, வலிக்க வலிக்கச் சிரித்தாள். "நான் செத்துட்டேனா? எத்தனை மணிக்கு?"

"ஏழரைக்கு," என்றான் தம்பி, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி.

சிரிப்பு நின்றது. அவள் பெரியண்ணனைப் பார்த்தாள். "அஞ்சு மணி நேரத்துல வந்துட்டீங்க அண்ணா. செத்தவளைப் பார்க்க அஞ்சு மணி நேரம். இருக்கறவளைப் பார்க்கப் பதினாலு மாசம் பத்தலை." அவள் நாற்காலியில் உட்கார்ந்து தன் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்தாள். தம்பி போய் அதை வாங்கி மூடியில் ஊற்றிக் கொடுத்தான். குடித்துவிட்டுச் சீட்டு சார் பக்கம் திரும்பினாள். "நீ சினிமாக்காரன்தானே அண்ணா. ஒரு ஆளை எத்தனை தடவை சாகடிக்கலாம்? நாளைக்கு நான் நிஜமாப் போயிட்டா, நீ போன் பண்ணினா இவங்க நம்புவாங்களா?"

அது அவருக்குத் தோன்றவே இல்லை. இருபத்தாறு வருஷ அனுபவத்தில் அவருக்கு மனப்பாடமான விஷயம், சாவை ஒரு படத்தில் ஒரு தடவைதான் வைக்கலாம். அதைச் செலவழித்தாகிவிட்டது.

பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாதவர் தன் தொழிலைப் பிடித்துக்கொண்டார். அலமாரியை இழுத்து நகர்த்தி, "நான் சும்மா செய்யலை அக்கா, இங்க பாருங்க," என்று சுவரைக் காட்டினார். நீலத்தைக் காட்டி, பச்சையைக் காட்டி, மஞ்சளைக் காட்டி, யார் எதற்காக வருவார் என்று எப்படியெல்லாம் யோசித்தார் என்று படபடவென்று சொல்லிக்கொண்டே போனார். பெரியண்ணனுக்குக் கண்ணாடி இல்லாமல் படிக்க முடியவில்லை. தம்பிக்குத் தன் மஞ்சள் சீட்டுகளைப் படிக்கத் தைரியமில்லை. அக்காதான் பக்கத்தில் போய், விடைத்தாள் திருத்துகிற மாதிரி, இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகப் படித்தார். முடித்துவிட்டுத் திரும்பினார்.

"டாக்டர் எத்தனை பேர்னு கேட்டப்போ என்ன சொன்னே?"

"நாலு பேர்னு."

"இங்க மூணு பேர்தான் இருக்கோம். உன் சீட்டு எங்கடா?"

"நான்..." என்றார். "நான் கூப்பிடறவன், அக்கா."

சொன்ன வாய் மூடவில்லை, டிராயருக்குள் கிடக்கிற அந்த அட்டையின் கோணல் எழுத்து கண் முன்னால் வந்து நின்றது. படம் பார்க்கத் தெரியாத ஆசாமி.

"ரத்தம் குடுத்தியா இல்லையா? அதை மட்டும் சொல்லு," என்றார் பெரியண்ணன்.

அவருக்கு ஊசி என்றால் ஆகாது. சின்ன வயதிலிருந்தே. பொடிசுக்குக் கழுத்தில் குழாய் போட்ட அன்று வராந்தாவில் மயங்கி விழுந்து, அவளைப் பார்க்க வேண்டிய நர்ஸ் இவர் முகத்தில் தண்ணீர் அடிக்க வேண்டியதாயிற்று. ஆனால் பயந்துகொண்டு ஒதுங்கினேன் என்று அவர் தனக்கே சொல்லிக்கொண்டதில்லை. நானும் படுத்துவிட்டால் யார் போன் செய்வது, யார் அலைவது, யார் சுவரைப் பார்ப்பது என்று இருந்துவிட்டார். பதினாலு மாதம் அவர் சோம்பியே இருக்கவில்லை. பெரியண்ணனுக்கு இரத்த அழுத்தமா என்று கேட்டார், அக்காவுக்குச் சர்க்கரையா என்று கேட்டார், தம்பி மனைவி சம்மதிப்பாளா என்று கேட்டார். தனக்கு என்ன குரூப் என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது.

"விடுங்க அண்ணா," என்றாள் பொடிசு. "அவன் ரத்தத்தைப் பார்த்தா விழுந்துடுவான். எனக்குத் தெரியும். முதல் நாள்லேர்ந்தே தெரியும்."

"தெரிஞ்சும் நீ கேட்கலையா?" என்றார் அக்கா.

"அவனா சொல்லட்டும்னு இருந்தேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பார். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள், பஸ் வரட்டும் என்று இருந்தேன் என்கிற மாதிரி. திங்கள், புதன், வெள்ளி என்று பதினாலு மாதம், அந்த நாற்காலியில் உட்கார்ந்து, மூடியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, இவர் போன் பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். அவர் ஒவ்வொரு தடவை போனை எடுக்கும்போதும், இப்போது சொல்வானோ என்று நினைத்திருப்பாள். சீட்டு சாருக்கு அழ வேண்டும் போலிருந்தது. அழ என்ன யோக்கியதை இருக்கிறது என்றும் இருந்தது.

கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டே முக்கால். ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனை அறையை நாலு மணிக்குச் சாத்துவார்கள். அது அவருக்கு நன்றாகத் தெரியும், மூன்று பேருக்கும் நூறு தடவை சொன்ன நேரம்தானே. பேச்சு மறுபடி பெரியண்ணன், அக்கா பக்கம் திரும்பி, அப்பாவின் கையெழுத்து வரை போய், குரல்கள் ஏறத் தொடங்கின. அந்தச் சத்தத்துக்குள் அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

படியில் முதல் திருப்பத்துக்கு வந்ததும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பொருந்துமா, தெரியாது. பொருந்தினாலும் அந்தக் கத்தியின் கீழே போய்ப் படுப்பாரா, அதுவும் தெரியாது. ஊசியை நினைத்த மாத்திரத்தில் நாக்கு உலர்ந்து போயிற்று. திரும்பிப் போய்விடலாம். போனால், தண்ணீர் குடிக்கப் போயிருந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

மேலே கதவு திறந்திருந்தது. பேச்சு நடுவில் நின்றது.

"எங்க அவன்?" என்றது பெரியண்ணன் குரல்.

"போயிட்டான்," என்றான் தம்பி.

பிறகு பொடிசின் குரல், களைத்துப்போய், ஆனால் படி வரை கேட்கிற மாதிரி வந்தது. "எங்கேன்னு கேளுங்க. இந்தத் தடவையாவது யாராவது எங்கேன்னு கேளுங்க."

சீட்டு சார் கைப்பிடியை விடாமல் தலையை நிமிர்த்தினார்.

"ரத்தம் குடுக்க," என்றார். குரல் வெளியே வரவில்லை. இன்னொரு தரம், மேலே கேட்கும்படி சொல்லிவிட்டு, கீழே அடுத்த படியில் காலை வைத்தார்.